உங்கள் ப்ரோபோசல் தேறிவிடுமோ என்றுதான் பயம்

கேள்வி: ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் சிறிய தொண்டு அமைப்பு எங்களுடையது. மூன்று ஆண்டுகளாக அகதிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறோம். ஒரு கம்பெனி, தங்கள் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய நாற்பது லேப்டாப்களைத் தருவதாகச் சொல்கிறது. இன்னொரு பக்கம், அகதிகளின் டிஜிட்டல் இன்க்ளூஷனுக்காக, அதாவது இணையம், கணினி வசதிகளில் அவர்களும் விடுபடாமல் சேர, ஓர் அறக்கட்டளை ஓராண்டு நிதிக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரு கணினி மையம், கூடவே அகதிகளுக்கு எல்லாத் தகவலும் தரும் ஓர் ஆப் என்று ப்ரோபோசல் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். பட்ஜெட்டில் எழுபது சதவீதம் கருவிகளுக்கும் ஆப்புக்கும் போகிறது. இது தேறுமா? எங்களைப் போன்ற சிறிய அமைப்பை நம்பிப் பணம் தருவார்களா? தராவிட்டால் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ப்ரோபோசலை இரண்டு தடவை படித்தேன். தேறாதோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்கோ தேறிவிடுமோ என்று பயம். நாற்பது லேப்டாப், ஓர் ஆப், ஆண்டு முடிவில் முந்நூறு பேருக்குப் பயிற்சி என்றால் தேர்வுக் குழுவுக்கு வேறென்ன வேண்டும்? இப்படிப்பட்ட குழுக்களில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். நானும் கை தூக்கியிருக்கிறேன்.

அப்படிக் கை தூக்கிய திட்டங்களில் ஒன்றை, தொடங்கிப் பதினான்கு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். முப்பது டேப்லெட், ஒரு ப்ரொஜெக்டர், சுவரில் பணம் கொடுத்தவர்களின் லோகோ. அறை பூட்டியிருந்தது. சாவி வர முக்கால் மணி நேரம் ஆனது. உள்ளே இரும்பு அலமாரியில் டேப்லெட்டுகள், பாதிக்கு மேல் உறைகூடப் பிரிக்காமல். ஒன்றை எடுத்து ஆன் செய்தால் பாஸ்வேர்டு கேட்டது. அது தெரிந்த ஒரே பயிற்சியாளர் எட்டு மாதத்துக்கு முன்பே போய்விட்டார். அவருக்கு ஆறு மாதச் சம்பளம்தான் பட்ஜெட்டில் இருந்தது. சரி என்று வெளியே வந்தேன். வராந்தாவில் ஒரே ஒரு ப்ளக் பாயின்ட். அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி, ஏழெட்டுப் பேர் தங்கள் போன்களைச் சார்ஜ் போட்டுவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் இளைஞர் பக்கத்தில் இருந்த பெரியவரின் போனை வாங்கி, ஏதோ படிவத்தை நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெரியவர் தன் அட்டையைத் தூக்கிப் பிடிக்க, அவர் எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார்.

நீங்கள் அந்த வராந்தாவுக்குப் பணம் கேளுங்கள். இப்போது எழுதியிருப்பது உள்ளே பூட்டிக் கிடந்த அறைக்கான ப்ரோபோசல்.

சும்மா சொல்லவில்லை. ஐ.நா. அகதிகள் முகமை 2016இல் அகதிகளின் இணையத் தொடர்பு பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 93 சதவீத அகதிகள் மொபைல் சிக்னல் இருக்கும் இடங்களில்தான் வாழ்கிறார்கள் என்றது அது. ஆனால் அகதிக் குடும்பங்களில் 29 சதவீதத்திடம் எந்த போனுமே இல்லை. இணைய வசதியுள்ள போன் கையில் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அவர்களுக்குப் பாதிதான். செலவு செய்யக் கையில் மிஞ்சும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைகூடத் தொடர்பில் இருப்பதற்கே போய்விடுகிறது. போன் விலை அதற்குப் பிறகு எவ்வளவோ இறங்கிவிட்டது, எண்களும் மாறியிருக்கும். ஆனால் அந்த அறிக்கை காட்டிய இடைவெளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டவர் இருக்கிறது, சிக்னல் இருக்கிறது. சிக்னலுக்கும் மனிதருக்கும் நடுவில்தான் ஏதோ அறுந்து கிடக்கிறது.

அந்த அறுந்த இடத்தில் முதலில் வருவது சிம் கார்டு. பெரும்பாலான நாடுகளில் சிம் வாங்க அடையாள ஆவணம் வேண்டும். பாஸ்போர்ட்டோ உள்நாட்டு அடையாள அட்டையோதான் செல்லும் என்று விதி இருந்தால், ஓடி வந்தவரிடம் இரண்டும் இருக்காது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு அகதிகளுக்கு அடையாளத் தாள் தரச் சொல்கிறது. அந்தத் தாளை மொபைல் கம்பெனியின் கவுன்ட்டரில் ஏற்றுக்கொள்ள வேண்டுமே! ஆகவே சிம் வேறு யாரோ ஒருவர் பெயரில் இருக்கும். அந்த யாரோ ஒருவர் ஊரைவிட்டுப் போனால், மனஸ்தாபம் வந்தால், எண் போச்சு. உகாண்டாவில் 2019இல் தொலைத்தொடர்பு ஆணையம், அகதிகளுக்கு அரசே கொடுக்கும் ஆவணங்களைக் காட்டி சிம் பதிந்துகொள்ளலாம் என்று உத்தரவிட்டது. ஒரு உத்தரவு. அதற்கு ஒரு டேப்லெட்கூடத் தேவைப்படவில்லை. ஆனால் அதற்காகப் பல மாதம் கதவு தட்டியவர்களின் சம்பளத்தை யாரோ கொடுத்திருப்பார்கள் இல்லையா? அந்த வேலையும் டிஜிட்டல் திட்டம்தான். அப்படி ஒரு வரி உங்கள் பட்ஜெட்டில் இல்லை.

அடுத்தது ஓடிபி. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ப்ரோபோசல்களில் நான் பார்க்கவே பார்க்காத சங்கதி இது. ஒரு பெண்மணி என் எதிரில் உட்கார்ந்து போனை நீட்டினார். மகளின் பள்ளிச் சான்றிதழ்களைப் போட்டோ எடுத்து மெயிலில் சேமித்து வைத்திருக்கிறார். மெயில் திறக்கவில்லை. ‘புதிய கருவியிலிருந்து நுழைகிறீர்கள், உங்கள் எண்ணுக்குக் குறியீடு அனுப்பியிருக்கிறோம்’ என்று வருகிறது. எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் திரையில் தெரிகிறது. அது அவர் எல்லை தாண்டுவதற்கு முன் வைத்திருந்த எண். அந்த சிம் எங்கோ தொலைந்தது. பல மாதம் ரீசார்ஜ் செய்யாததால் எண்ணையே இந்நேரம் கம்பெனி வேறு யாருக்காவது கொடுத்திருக்கும். மாற்று மெயில் முகவரி? அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தது கணவரின் தம்பி. அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. மணிக்கணக்காக முயன்றோம். திறக்க முடியவில்லை. அவருக்கு போன் பிடிக்கத் தெரியும், மெயில் தெரியும், போட்டோ எடுத்து வைக்கும் முன்யோசனையும் இருந்தது. எந்த ‘அடிப்படைக் கணினிப் பயிற்சி’யிலும் அவருக்குக் கற்றுத்தர எதுவும் மிச்சம் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: சிம் மாற்றுவதற்கு முன், கணக்கில் இருக்கும் எண்ணை மாற்று, பழைய எண் இல்லாமலே கணக்கைத் திறக்க உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வை என்று சொல்ல ஓர் ஆள்.

அப்புறம் மொழி. அரசு அலுவலகத்திலிருந்து வரும் குறுஞ்செய்தி ஒரு மொழியில், படிவம் ஒரு மொழியில், அவர் பேசுவது இன்னொன்று. சிலர் பேசும் மொழிக்கு எழுத்து வழக்கே பரவலாக இல்லை. மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்யா மக்களிடையே வேலை செய்தவர்கள் எழுதிய அறிவிப்புகளைவிடக் குரல் பதிவுகளையே நம்பியதற்குக் காரணம் இதுதான். உங்கள் ஆப்பில் உதவி பட்டன், தகவல் பக்கம், கேள்வி பதில் பக்கம் எல்லாம் இருக்கின்றன. குரல் எங்கே?

ஆப் பேச்சு வந்ததால் அதை இங்கேயே முடித்துவிடுகிறேன். எடுத்துவிடுங்கள். முழுவதும். 2015, 2016இல் ஐரோப்பாவுக்கு அகதிகள் பெருமளவில் வந்தபோது உலகம் முழுக்க மென்பொருள்காரர்கள் வார இறுதிகளில் உட்கார்ந்து அகதிகளுக்கு ஆப் செய்தார்கள். நல்ல மனசுதான். பெரும்பாலானவற்றை யாரும் பயன்படுத்தவில்லை. தகவலைப் புதுப்பிக்க ஆளில்லாமல் செத்துப்போயின. 2016இல் ஓர் ஆப், கடலில் தத்தளிக்கும் படகுகளைச் செயற்கைக்கோள் படத்தில் பொதுமக்களே தேடிக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லி விளம்பரத் துறையின் பெரிய விழாவில் விருதுகூட வாங்கியது. அது காட்டியது நேரலைப் படமே இல்லை என்று நிபுணர்கள் கண்டுபிடித்த பிறகு ஆப் ஸ்டோரிலிருந்து நீக்கினார்கள், விருதும் திரும்பிப் போனது. உங்கள் ஆப் அப்படிப்பட்ட பொய் இல்லை, தெரியும். ஆனால் தகவல் ஆப் என்றால் அதற்குள் இருக்கும் அலுவலக நேரம், விதி, தொலைபேசி எண் மூன்றும் மாதா மாதம் மாறும். மாற்ற யார்? தப்பான தகவலை நம்பி ஒருவர் விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டால் அந்தப் பழி யார் மேல்? அதே 2015இல் தொடங்கிய ரெஃப்யூஜி.இன்ஃபோ என்ற சேவை, மக்கள் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்த ஃபேஸ்புக்கிலேயே போய் உட்கார்ந்து, கேள்வி கேட்டவர்களுக்கு அவரவர் மொழியில் ஆட்களை வைத்துப் பதில் சொன்னது. நீங்களும் அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் வாட்ஸ்அப்பிலேயே ஓர் எண்ணைத் திறங்கள். ஆப்புக்குப் போட்ட தொகையில், அந்த எண்ணுக்குப் பதில் சொல்ல இரண்டு பேருக்கு ஆண்டு முழுக்கப் பகுதிநேரச் சம்பளம் கொடுக்கலாம்.

‘டிஜிட்டல் இன்க்ளூஷன்’ என்பதற்கு உங்கள் ப்ரோபோசலில் ‘டிஜிட்டல் உள்ளடக்கம்’ என்று போட்டிருக்கிறீர்கள். அதைப் படிப்பவர் நீங்கள் வீடியோ தயாரிக்கப் பணம் கேட்பதாக நினைத்துக்கொள்வார். இன்க்ளூஷன் என்றே விடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

இனி பட்ஜெட். உங்களுடையதில் கருவி, ஆப் எழுபது, வாடகை, மின்சாரம் பன்னிரண்டு, பயிற்சியாளர் எட்டு, பயணம், அச்சு, இதர செலவு பத்து. இதைத் தலைகீழாகப் போடுங்கள். நூறு பங்கில் ஆட்களுக்கு ஐம்பது. டேட்டா, மின்சாரம், பழுது பார்ப்பு இவற்றுக்கு இருபது. கருவிகளுக்குப் பதினைந்து போதும். மீதிப் பதினைந்தில் மொழிபெயர்ப்பு, குழந்தையோடு வரும் பெண்களுக்காகக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு, வந்துபோகும் செலவு, நிர்வாகம். இது என் கணக்கு, வேதவாக்கு இல்லை. ஆனால் ஆள் செலவு கருவிச் செலவைவிடக் குறைவாக இருக்கும் திட்டம் எதையும் நான் இப்போது முதல் சுற்றில் தேற விடுவதில்லை.

‘ஆட்களுக்கு ஐம்பது சதவீதம் கேட்டால் தர மாட்டார்களே’ என்பீர்கள். சிலர் தர மாட்டார்கள். சம்பளத்தை நிர்வாகச் செலவாக நினைக்கும் பழக்கம் பல நிதி அமைப்புகளுக்கு உண்டு. நிர்வாகச் செலவுக்கு எல்லோரும் உச்சவரம்பு வைத்திருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் தன் வெளிநாட்டு உதவி மானியங்களில் மறைமுகச் செலவு எனப்படும் இந்த நிர்வாகச் செலவுக்கு 7 சதவீதத்துக்கு மேல் தருவதில்லை. ஆகவே தலைப்பைக் கவனமாக வையுங்கள். கணக்கு எழுதுபவர், தணிக்கை, அலுவலக வாடகை எல்லாம் நிர்வாகம். படிவம் நிரப்ப உதவுபவர், வாட்ஸ்அப் எண்ணுக்குப் பதில் சொல்பவர், மொழி பெயர்ப்பவர் எல்லாம் சேவை. நேரடிச் செலவு. ‘சம்பளம்’ என்று ஒரே வரியில் போட்டு நீங்களே மாட்டிக்கொள்ளாதீர்கள். யார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அந்த மணி நேரத்தில் என்ன செய்வார் என்று வரி வரியாகப் பிரித்து எழுதுங்கள்.

உதாரணம் கேட்டால் காட்ட ஒன்று இருக்கிறது. வோடஃபோன் அறக்கட்டளையும் ஐ.நா. அகதிகள் முகமையும் 2013இல் தொடங்கிய உடனடி வலைப்பள்ளித் திட்டம். கென்யா, தான்சானியா, காங்கோ, தெற்கு சூடான் என்று ஆப்பிரிக்காவில் பல நாடுகளின் அகதிப் பள்ளிகளில் நடந்தது. படத்தில் டேப்லெட்தான் தெரியும். அதற்குப் பின்னால் சூரிய மின்தகடு, பேட்டரி, இணைய இணைப்பு, ஆசிரியர்களுக்குத் தொடர் பயிற்சி, பள்ளிக்குள்ளேயே அதைக் கவனித்துக்கொள்ளும் பயிற்றுநர் என்று ஒரு முழு ஏற்பாடு இருக்கிறது. பெரிய கம்பெனியின் பணம், உங்களால் அந்த அளவுக்கு முடியாது. ஆனால் அவர்களே ஆள் இல்லாமல் செய்யவில்லை என்பதை ப்ரோபோசலில் ஒரு வரியாகச் சொல்லலாம்.

சம்பளம் வாங்கப் போகிறவர்கள் யார்? உங்கள் ஐந்து பேரில் யாரும் அகதி இல்லை என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். அந்த வராந்தாவில் படிவம் நிரப்பிக் கொடுத்த இளைஞர் போன்ற ஒருவர் உங்கள் பக்கத்திலும் நிச்சயம் இருப்பார். எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் ‘போன் பிரச்சினையா, அவரிடம் போ’ என்று ஒரே பெயரைச் சொல்வார்கள். அவரைக் கண்டுபிடியுங்கள். தன்னார்வலர் என்று சொல்லி இலவசமாக வேலை வாங்காதீர்கள். அவர் ஏற்கெனவே இலவசமாகத்தான் செய்துகொண்டிருக்கிறார், அதற்கு நீங்கள் எதற்கு? இங்கே ஒரு சிக்கல் உண்டு. பல நாடுகளில் அகதிகள் சம்பளத்துக்கு வேலை பார்க்கச் சட்டம் இடம் தராது. முகாம்களில் அதனால்தான் ஊக்கத்தொகை என்ற பெயரில் ஒரு சிறிய தொகை கொடுக்கும் வழக்கம் வந்தது. உங்கள் இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். நல்லது செய்யப் போய் அவருடைய தங்கும் அனுமதிக்கே வேட்டு வைத்துவிடக் கூடாது.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு ஒரே போன் என்றால் அது பெரும்பாலும் வீட்டு ஆணின் கையில் இருக்கும். ‘குடும்பத்துக்கு ஒரு போன் உண்டு’ என்று கணக்கெடுப்பில் டிக் அடித்துவிட்டால் அந்த வீட்டுப் பெண் கணக்கிலிருந்து காணாமல் போகிறார். நீங்கள் சர்வே எடுக்கும்போது ‘வீட்டில் போன் இருக்கிறதா’ என்று கேட்காமல், ‘நேற்று நீங்கள் போனைத் தொட்டீர்களா, எதற்கு’ என்று கேட்டுப் பாருங்கள். வேறு பதில் வரும்.

தகவல் பாதுகாப்புக்கு உங்கள் ப்ரோபோசலில் ஒரே வரி: ‘அனைத்துப் பயனாளிகளின் விவரமும் டிஜிட்டல் முறையில் சேகரிக்கப்படும்.’ படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெயர், பதிவு எண், எங்கிருந்து வந்தார், எங்கே தங்கியிருக்கிறார், போன் எண் எல்லாவற்றையும் யாருடைய லேப்டாப்பிலோ ஒரு எக்செல் ஃபைலில் வைக்கப் போகிறீர்கள். ஓடி வந்தவரை யாராவது தேடிக்கொண்டிருக்கலாம். 2022 ஜனவரியில் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வர்களையே ஊடுருவி, பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் சேவையில் இருந்த 5,15,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை எட்டிவிட்டார்கள். ரோஹிங்யா அகதிகளிடம் பதிவுக்காக வாங்கிய விவரங்கள், அவர்கள் முழுதாகப் புரிந்து சம்மதிக்காமலேயே, அவர்கள் எந்த அரசிடமிருந்து தப்பி வந்தார்களோ அந்த மியான்மர் அரசின் கைக்கே போய்ச் சேர்ந்ததாக 2021இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் குற்றம் சாட்டியது. இவ்வளவு பெரிய அமைப்புகளுக்கே இந்தக் கதி. உங்களுக்கு எதற்கு அந்தச் சுமை? எத்தனை பேர் வந்தார்கள், என்ன உதவி கேட்டார்கள், வேலை முடிந்ததா. இந்த மூன்றுக்கும் பெயர் தேவையே இல்லை. பணம் கொடுப்பவர் பெயர்ப் பட்டியலும் முகம் தெரியும் போட்டோவும் கேட்டால் தர முடியாது என்று எழுதுங்கள், காரணத்தோடு. மறுப்பதால் பணம் போய்விடும் என்ற பயம் வேண்டாம். விவரம் தெரிந்த நிதி அமைப்பு அந்த மறுப்பைப் படித்துவிட்டு உங்கள் மேல் மரியாதை கூட்டிக்கொள்ளும். விவரம் தெரியாதவர் கோபித்துக்கொண்டால், போகட்டும்.

இணைப்பே திடீரென்று அறுந்தால் என்ன செய்வீர்கள் என்றும் ஒரு பத்தி சேருங்கள். வங்கதேசத்தில் ரோஹிங்யா அகதிகள் இருக்கும் காக்ஸ் பஜார் முகாம்களில் 2019 செப்டம்பரில் அரசு மொபைல் இணையத்தை முடக்கியது. திரும்பி வர 2020 ஆகஸ்ட் கடைசி ஆனது. நடுவில்தான் கொரோனாவும் வந்தது. வாட்ஸ்அப்பை மட்டும் நம்பிய திட்டம் அந்த ஒரு வருடமும் என்ன செய்திருக்கும்? உங்கள் இடத்தில் அப்படி நடக்காமல் இருக்கலாம். ஆனால் அச்சடித்த தாளும், நேரில் உட்கார்ந்து பேச ஒரு மேசையும் எப்போதும் இருக்கட்டும்.

சிறிய அமைப்புக்குத் தருவார்களா என்று கேட்டிருந்தீர்கள். பேச்சளவில் எல்லோரும் தருவோம் என்கிறார்கள். 2016இல் பெரிய கொடையாளி நாடுகளும் உதவி அமைப்புகளும் சேர்ந்து, மனிதாபிமான நிதியில் 25 சதவீதமாவது உள்ளூர் அமைப்புகளுக்கு முடிந்தவரை நேரடியாகப் போக வேண்டும், 2020க்குள் அதை எட்டுவோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். எட்டவில்லை, பக்கத்தில்கூட வரவில்லை. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை முடக்கி, அந்த ஜூலையில் தன் வெளிநாட்டு உதவி முகமையான யுஎஸ்எய்டையே மூடிய பிறகு, பெரிய அமைப்புகளே சிறிய நிதிகளின் வாசலில் வரிசையில் நிற்கின்றன. அதனால் போட்டி கடுமை. ஆனால் உங்களுக்கென்று சில கதவுகள் இருக்கின்றன. அகதிகளே நடத்தும் அமைப்புகளுக்காக ஐ.நா. அகதிகள் முகமை 2022இல் ஒரு தனிப் புத்தாக்க நிதி தொடங்கியது. நீங்கள் நேரடியாகத் தகுதி பெற மாட்டீர்கள். உங்கள் பக்கத்து அகதிகள் குழு ஒன்று இருந்தால் அவர்கள் விண்ணப்பிக்கலாம், நீங்கள் துணைக்கு நிற்கலாம். மொபைல் நிறுவனங்களின் உலகச் சங்கமான ஜிஎஸ்எம்ஏ, ஐ.நா.வின் தொலைத்தொடர்பு முகமை, அகதிகள் முகமை, லக்ஸம்பர்க் அரசு எல்லாம் சேர்ந்து 2030க்குள் 2 கோடி இடம்பெயர்ந்தோருக்கும் அவர்களுக்கு இடம் கொடுத்த மக்களுக்கும் இணைய வசதி என்று 2023 உலக அகதிகள் மன்றத்தில் ஒரு முயற்சியை அறிவித்தார்கள். அதிலிருந்து உங்களுக்குக் காசோலை வராது. ஆனால் உங்கள் நாட்டு மொபைல் கம்பெனி அந்தச் சங்கத்தில் இருந்தால், அவர்களிடம் போய் டேட்டாவாகக் கேட்க அது நல்ல சாக்கு. பணம் தரத் தயங்கும் கம்பெனிகள் டேட்டா தருவதில் அவ்வளவு கஞ்சத்தனம் காட்டுவதில்லை என்பது என் அனுபவம்.

இன்னொரு கதவு, யாரும் தட்டாதது. பல நாடுகளில் மொபைல் கம்பெனிகளின் வருமானத்தில் ஒரு பங்கை அரசு வாங்கி, இணையம் எட்டாத மக்களுக்காக ஒரு பொது நிதியில் போட்டு வைக்கிறது. அதன் விதிகளில் கிராமம் இருக்கும், பள்ளி இருக்கும், மாற்றுத்திறனாளிகள் இருப்பார்கள். அகதி என்ற சொல்லே பெரும்பாலும் இருக்காது. நீங்கள் அகதிகளும் சுற்றியுள்ள உள்ளூர் மக்களும் சேர்ந்து பயன்படுத்தும் மையம் என்று எழுதினால் அந்தக் கதவு திறக்க வாய்ப்பு உண்டு. எப்படியும் அப்படித்தான் நடத்த வேண்டும். பக்கத்துத் தெருப் பிள்ளைக்கு வைஃபை இல்லாதபோது அகதிப் பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால், மூன்றாம் மாதம் உங்கள் ஜன்னல் கண்ணாடி உடையும்.

உங்கள் அமைப்புக்கு மூன்று வருடத் தணிக்கை அறிக்கை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அறக்கட்டளை அதைக் கேட்கும். அப்படியானால் தணிக்கை உள்ள, கொஞ்சம் பெரிய அமைப்பு ஒன்றைக் கணக்குப் பொறுப்புக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் அவர்கள் வழியாக வரும், வேலை உங்களுடையது. கமிஷன் எவ்வளவு, பணத்தை எத்தனை நாளில் உங்களுக்கு அனுப்புவார்கள் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். நல்ல நண்பர்களாக இருந்தாலும், நண்பர்களாக இருந்தால் குறிப்பாக.

‘300 பேருக்குப் பயிற்சி’ என்ற இலக்கையும் மாற்றுங்கள். வருகைப் பதிவேட்டில் முந்நூறு கையெழுத்து வாங்குவது ஒரு மாத வேலை. அதற்குப் பதில், வந்தவர்களில் எத்தனை பேர் மூன்று மாதம் கழித்து அதே வேலையை யார் துணையும் இல்லாமல் செய்கிறார்கள் என்று எழுதுங்கள். தன் அட்டையைப் புதுப்பிக்க ஆன்லைனில் தேதி வாங்கினாரா? பழைய எண்ணை மாற்றி, மீட்புக் குறியீட்டை எழுதி வைத்திருக்கிறாரா? எண்ணிக்கை அறுபதோ எழுபதோதான் வரும். தேர்வுக் குழுவில் ஒருவராவது அந்த அறுபதைப் பார்த்து நிமிர்ந்து உட்காருவார். பதின்மூன்றாம் மாதம் என்ன நடக்கும் என்பதற்கும் உங்களிடம் பதில் இல்லை. ‘தொடர்ந்து நிதி திரட்டப்படும்’ என்பது பதில் அல்ல, அதை எல்லோரும் எழுதுகிறார்கள். ‘பணம் நின்றால் வாடகை அறையை விடுவோம், வாட்ஸ்அப் எண்ணும் சனிக்கிழமை மேசையும் மட்டும் இத்தனை செலவில் தொடரும்’ என்று எதை விடுவீர்கள், எதை விட மாட்டீர்கள் என்று எழுதுங்கள்.

நாற்பது லேப்டாப்புக்கு இந்த வாரமே பதில் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். பன்னிரண்டு மட்டும் கேளுங்கள். கழித்துக்கட்டிய லேப்டாப்பில் பாதிக்கு பேட்டரி நிற்காது. எப்போதும் ப்ளக்கில் செருகியே வைக்க வேண்டும், நாற்பது ப்ளக் பாயின்ட்டுக்கு வயரிங் யார் செய்வது? ஹார்ட் டிஸ்க்கை அவர்களே முழுதாக அழித்துத் தர வேண்டும், இயங்குதள உரிமம் இருக்க வேண்டும், ஒரிஜினல் சார்ஜர் வேண்டும் என்று மூன்றையும் எழுதிக் கேளுங்கள். மிச்சம் இருபத்தெட்டுக்குப் பதிலாக அவர்களுடைய ஐடி ஆள் ஒருவரை மாதம் ஒரு நாள் அனுப்புவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். வேலை விண்ணப்பம், பெரிய படிவம், பிள்ளைகளின் பாடம், இதற்கெல்லாம் லேப்டாப் வேண்டும்தான். மற்றபடி அவர்கள் வாழ்க்கை போனில் இருக்கிறது, உங்கள் வகுப்பும் போனில்தான் நடக்க வேண்டும். அவரவர் போனில், அவரவர் கணக்கில்.

பணம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பது கடைசிக் கேள்வி. உங்களிடம் மாலை வகுப்பு நடத்தும் அறை ஏற்கெனவே இருக்கிறது. வரும் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் வாசலில் ஒரு மேசை போடுங்கள். ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், உங்கள் போனிலிருந்து ஹாட்ஸ்பாட், ‘போனில் என்ன பிரச்சினை?’ என்று அவர்கள் மொழியில் எழுதிய ஒரு தாள், நான் சொன்ன அந்த ‘அவரிடம் போ’ ஆள். ஒரு நோட்டில் பெயர் எழுதாமல், என்ன கேட்டார்கள், எவ்வளவு நேரம் ஆனது, முடிந்ததா, முடியாவிட்டால் எங்கே தடைப்பட்டது என்று மட்டும் குறித்து வாருங்கள். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி ஐந்து வாரம் தள்ளி இருக்கிறது. அதற்குள் நான்கு சனிக்கிழமை வரும். அந்த நோட்டைப் பார்த்துவிட்டு ப்ரோபோசலின் முதல் பக்கத்தை எழுதி எனக்கு அனுப்புங்கள், மூன்றாவது தடவையும் படிக்கிறேன்.